டிக்கெட் புத்தகமும் மொய் நோட்டும்

கடந்த சில மாதங்களில் நாலைந்து ஊர்களிலிருந்து ஒரே கேள்வி வந்திருக்கிறது. விதைத் திருவிழா நடத்தக் கையில் காசு இல்லை. டிக்கெட் போட்டு ஒரு விருந்து வைத்து நிதி திரட்டலாமா, அதற்குக் கணக்கு எப்படி வைப்பது என்று கேட்கிறார்கள். பழவேற்காடு பக்கம் நாங்கள் இரண்டு வருஷம் அப்படி ஒரு விருந்து நடத்தியதைக் கேள்விப்பட்ட ஆசிரியர் குழு நண்பர், "சார், நீங்க பேங்க்ல இருந்தவரு, நீங்களே எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டார். முப்பத்து நாலு வருஷம் அடுத்தவர் பணத்தை எண்ணிக் கொடுத்தவன் நான். அந்தத் தைரியத்தில்தான் முதல் வருஷம் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். எங்கெங்கே சறுக்கினேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். உங்களுக்கு அதுதான் அதிகம் பயன்படும்.

பொன்னேரிக்குப் பக்கத்தில் எனக்கு மூன்று ஏக்கர் நிலம். எங்கள் பக்கத்து ஆரணி ஆறு போய்ச் சேருவது பழவேற்காடு ஏரியில். ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி அது. நாம் வயலில் கொட்டுகிற உப்பும் பூச்சிமருந்தும் மழைத்தண்ணியோடு அங்கேதான் போகிறது. இறால் குஞ்சு வளரும் தொட்டிலில் நஞ்சைக் கலந்துவிட்டு, "இறால் குறைஞ்சு போச்சே" என்று சந்தையில் கவலைப்படுகிறோம். இயற்கை விவசாயத்துக்கு மாறிய பிறகு ஏரிக்கரைக் குப்பங்களோடு எங்கள் குழுவுக்குப் பழக்கம் ஏற்பட்டது. எங்கள் அரிசி அங்கே போகும். அவர்கள் மீனும் கருவாடும் இங்கே வரும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பொன்னேரி வட்டாரமே தண்ணீரில் நின்றது. ஒரு குப்பத்தில் பிள்ளைகள் மாலையில் உட்கார்ந்து படித்த கொட்டகை அடியோடு போய்விட்டது. அதைக் கல்லும் தகரமுமாகக் கட்டிக் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. ஒருவரிடம் போய் மொத்தமாகக் கேட்பதைவிட, பாரம்பரிய அரிசிச் சோறும் ஏரி இறாலும் போட்டு, ராத்திரி ஒரு தெருக்கூத்தும் வைத்து, டிக்கெட் விற்று வசூலிக்கலாம் என்று முடிவானது. பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபம் கிடைத்தது. அறக்கட்டளை ஒன்று தன் வங்கிக் கணக்கைப் பயன்படுத்திக்கொள்ள ஒப்புக்கொண்டது.

இது ஒன்றும் புதுசு இல்லை. 1944-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி கஸ்தூரிபா நினைவு நிதிக்காகக் கச்சேரி செய்து பணம் திரட்டிக் கொடுத்தார். நம் ஊர்களில் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு நாடகம் போட்டு டிக்கெட் விற்றதை வயசானவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கணக்கு வைப்பதிலும் நமக்குப் பழக்கம் உண்டு. பேராவூரணி, கீரமங்கலம், ஆலங்குடி பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்தைப் பாருங்கள். கறிச்சோறு போட்டு ஒரே நாளில் லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுவார், ஒருவர் சத்தமாகச் சொல்வார், ஒருவர் எழுதுவார். மூன்று பேரும் ஒரே ஆளாக இருக்கவே மாட்டார்கள். வங்கியில் ஒருவர் போட்ட பதிவை இன்னொருவர் சரிபார்க்காமல் பணம் நகராது. அதையே அவர்கள் எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமல் செய்கிறார்கள். ஊர், தகப்பன் பெயர், பெயர், தொகை என்று எழுதிய நோட்டு பத்து வருஷம் கழித்தும் பெட்டியிலிருந்து வெளியே வரும். திருப்பிச் செய்ய வேண்டிய பணமாயிற்றே. இப்போது மதுரை, தேனிப் பக்கம் கம்ப்யூட்டரில் மொய் எழுதி அந்த இடத்திலேயே ரசீது அச்சடித்துத் தருகிறார்கள்.

நம் இயக்கத்துக்குள்ளேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2006-இல் நம்மாழ்வார் ஐயா வழிகாட்ட ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா தொடங்கிய நெல் ஜெயராமன், ஒரு உழவருக்கு இரண்டு கிலோ விதைநெல் கொடுத்து அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பி வாங்கினார். யார், எந்த ஊர், எந்த ரகம், எத்தனை கிலோ என்ற கணக்கு இல்லாவிட்டால் அது நடந்திருக்குமா? விதையைக் காப்பாற்றியதில் நோட்டுக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

அடிக்கட்டை

முதல் வருஷம் 500 டிக்கெட் அடித்தோம். இருபத்தைந்து இலை கொண்ட புத்தகம் இருபது. டிக்கெட் விலை 500 ரூபாய். ஆர்வத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் புத்தகத்தைக் கொடுத்தோம். யாரிடம் எந்த எண் போயிற்று என்று நான் என் டைரியில் குறித்தேன், குழுத் தலைவர் தன் செல்போனில் குறித்தார், இரண்டும் ஒத்துப்போகவில்லை. விருந்துக்கு முதல் நாள் கணக்குப் பார்த்தால் விற்றது 331, திரும்பியது 90, எழுத்துப் பிழையால் கிழித்தது 4. மீதி 75 இலை, அதாவது முழுசாக மூன்று புத்தகம், எங்கே என்று தெரியவில்லை. 330 பேருக்குச் சமைத்தோம். வந்தவர்கள் 370 பேருக்கு மேல். காணாமல்போன புத்தகங்களிலிருந்து விற்ற டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. கடைசிப் பந்திக்கு மாப்பிள்ளைச் சம்பா தீர்ந்து, கடையில் வாங்கிய அரிசியைப் போட்டோம். இயற்கை வேளாண்மை விருந்தில்! கூத்துக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது இறால் இல்லை, ரசமும் அப்பளமும்தான் இருந்தது. கட்டியங்காரன் வேஷம் கட்டியவர் அதையும் மேடையில் ஒரு நகைச்சுவையாக்கிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் ஒரு மாசம் அலைந்து அந்த 75-இல் 62 இலைக்குப் பணம் வந்தது. 13 இலைக்கு வரவே இல்லை. 6,500 ரூபாயைக் குழுவில் நாங்கள் சிலர் கையிலிருந்து போட்டோம்.

வங்கியில் காசோலைப் புத்தகம் கொடுக்கும்போது எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் ஒரு இலை வெளியே போகாது. அதே ஆள்தான் இங்கே டைரியில் கிறுக்கியிருக்கிறேன். நல்ல காரியம்தானே, யார் ஏமாற்றப் போகிறார்கள் என்ற நினைப்பு. யாரும் ஏமாற்றவில்லை என்பதும் உண்மை. ஒருவர் புத்தகத்தைத் தம்பியிடம் கொடுத்தார், தம்பி ஊருக்குப் போய்விட்டார். பெரும்பாலும் இந்த மாதிரிதான் பணம் தொலைகிறது.

இரண்டாம் வருஷம் ஒரே ஒரு பதிவேடு வைத்தோம். புத்தக எண், இலை எண் எதிலிருந்து எதுவரை, வாங்கியவர் பெயர், தேதி, கையெழுத்து. பக்கத்தில் திரும்பி வந்த இலை, ரத்தான இலை, கட்டிய பணம். ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு புத்தகம்தான். அடிக்கட்டையையும் பணத்தையும் கொண்டுவந்து ஒப்படைத்தால்தான் அடுத்தது. விற்காத இலை வாய்ச்சொல்லாகத் திரும்பக் கூடாது, காகிதமாகத் திரும்ப வேண்டும். விருந்துக்கு நாலு நாள் முன்னால் எல்லாப் புத்தகத்தையும் மூடிவிட்டோம். அதற்குமேல் கேட்பவர்களுக்கு ஒரே இடத்தில் மட்டும் விற்பனை. இலவச டிக்கெட்டுக்கு வேறு நிறம். வெள்ளை டிக்கெட்டில் "இலவசம்" என்று பேனாவால் எழுதிக் கொடுக்கும் வேலையே வேண்டாம்.

அடித்தது 400. விற்றது 357, திரும்பியது 40, ரத்து 3. கூட்டிப் பாருங்கள், சரியாக நிற்கும். வாசலில் டிக்கெட்டைப் பாதி கிழித்து ஒரு டப்பாவில் போடச் சொன்னோம். மறுநாள் காலையில் எண்ணினால் 318 பாதி. ஆக, வாங்கியும் வராதவர்கள் 39 பேர். அடுத்த முறை அரிசி ஊறப்போட இந்த எண் உதவும். இலை எண்ணிக்கை, பணம், வாசல் பாதி என்று மூன்று வழியில் வந்த கணக்கும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று இடித்தால் அன்றைக்கே தேடுங்கள். வங்கியில் கணக்கு இடிக்கிற அன்று வீட்டுக்குப் போக முடியாது. பத்து ரூபாய்க்காக ராத்திரி ஒன்பது மணிவரை உட்கார்ந்த நாளெல்லாம் உண்டு. இப்போது யோசித்தால் நல்ல பழக்கமாகத்தான் படுகிறது.

இணையத்தில் டிக்கெட் விற்கலாமே என்று இளைஞர்கள் சொன்னார்கள். செய்யலாம். ஆனால் இடையில் இருக்கும் நிறுவனத்துக்குக் கமிஷன் போகும், பணம் சில நாள் கழித்து வரும், வாங்கியவர் விவரமெல்லாம் முதலில் அவர்களிடம் போய்த்தான் நம்மிடம் வரும். நானூறு பேர் விருந்துக்குக் காகிதம் போதும். ஆயிரத்தைத் தாண்டினால் யோசியுங்கள்.

செல்போனில் பணம் வாங்குவதில் மட்டும் ஜாக்கிரதை. கியூஆர் அட்டை அறக்கட்டளைக் கணக்கினுடையதாக இருக்க வேண்டும். "அவசரத்துக்கு என் நம்பருக்கு அனுப்பிடுங்க" என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் அவருடைய வீட்டுக் காசும் பொதுக் காசும் ஒன்றாகிவிடும். அவர் நேர்மையானவராக இருந்தாலும் நிரூபிக்க முடியாமல் தவிப்பார். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து டிக்கெட் கிழிக்காதீர்கள். அது வெறும் படம். வங்கிக் கணக்கில் வரவு வந்திருக்கிறதா என்று பார்த்து, அந்த 12 இலக்கக் குறிப்பு எண்ணின் கடைசி நாலு எண்ணையாவது அடிக்கட்டையில் எழுதுங்கள். மனைவி டிக்கெட்டுக்குக் கணவர் போனிலிருந்து பணம் வரும். சிலருக்குக் கடைப் பெயரில் வரும். எழுதாவிட்டால் ஒரு வாரம் கழித்து எது யாருடையது என்று சாமி வந்தாலும் சொல்ல முடியாது.

டிக்கெட் வேறு, நன்கொடை வேறு

இதைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சாப்பாடு, மண்டபம், கூத்துக்காரர் சம்பளம் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஒரு டிக்கெட்டுக்கு ஏறக்குறைய 270 ரூபாய் செலவு. ஆக டிக்கெட்டில் நிற்பது கொஞ்சம்தான். விருந்துக்கு வந்தவர்கள் மனசார எழுதிக்கொடுத்த நன்கொடைதான் கொட்டகையைக் கட்டியது. டிக்கெட் பணம் என்பது சோற்றுக்கும் கூத்துக்கும் கொடுத்த விலை. பதிலுக்கு எதையும் வாங்காமல் கொடுப்பதுதான் நன்கொடை. வருமான வரியில் 80ஜி சலுகை நன்கொடைக்குத்தான், டிக்கெட்டுக்குக் கிடையாது. 5,000 ரூபாய் கொடுத்து இரண்டு டிக்கெட் வாங்கிக்கொள்கிறார் ஒருவர் என்றால், 1,000 ரூபாய்க்கு டிக்கெட்டும் 4,000 ரூபாய்க்கு நன்கொடை ரசீதும் தனித்தனியாகக் கொடுங்கள்.

ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கும் நன்கொடைக்கு 80ஜி கிடையாது. காசோலையிலோ வங்கி வழியாகவோ யுபிஐ-யிலோ வந்தால் உண்டு. இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் முதல் வருஷம் அரிசி ஆலைக்காரர் ஒருவர் விருந்துச் சத்தத்துக்கு நடுவே 10,000 ரூபாயை ரொக்கமாக நீட்டினார். மகிழ்ச்சியில் வாங்கி, 80ஜி முத்திரை போட்ட ரசீதையும் கிழித்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த ஜூலையில் அவர் ஆடிட்டர் அதைத் தள்ளிவிட்டார். வீட்டுக்கே வந்தார். கோபப்படவில்லை. திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, "நீங்க பேங்க்லதானே சார் இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

இன்னும் சில விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பொருளாகக் கொடுத்த அரிசி, மீனுக்கு 80ஜி கிடையாது; நன்றிச் சீட்டு கொடுங்கள், ரூபாய் மதிப்புப் போட்டு நன்கொடை ரசீது போடாதீர்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 80ஜி கழிவே இல்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது. 80ஜி பதிவு உள்ள அமைப்பு, நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் நன்கொடையாளர் விவரங்களைப் படிவம் 10பிடி-யில் வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து, அதிலிருந்து கிடைக்கும் 10பிஇ சான்றிதழை ஒவ்வொருவருக்கும் தர வேண்டும். தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். நாம் கையால் எழுதிக் கொடுத்த ரசீது மட்டும் போதாது. அதனால்தான் சலுகை வேண்டுபவரிடம் பான் எண்ணை அன்றைக்கே, அட்டையில் உள்ளபடி பெயரோடு வாங்கிவிட வேண்டும். ஏப்ரலில் நூறு பேருக்குப் போன் போட்டு "உங்க பான் நம்பர் சொல்லுங்க" என்று கேட்டால், இந்தக் காலத்தில் யார் சொல்வார்கள்? ஏமாற்றுக்காரன் என்று வைத்துவிடுவார்கள். எனக்கு நடந்தது.

2025-இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டத்துக்கு அமல் தேதி 2026 ஏப்ரல் 1; அதில் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு. உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் விவரம் இல்லாமல் வரும் நன்கொடை ஒரு லட்சம் ரூபாய், அல்லது மொத்த நன்கொடையில் ஐந்து சதவீதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால் மிஞ்சிய தொகைக்கு 30 சதவீதம் வரி உண்டு. நம் அளவுக்கு உண்டியல் வைத்தால் பயமில்லை. ஆனால் பெரிய தொகையை யாரோ கொடுத்தார் என்று எழுத முடியாது. ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது. அமெரிக்காவில் இருக்கும் பேரன் பணம் அனுப்புகிறான் என்றால், அவன் இந்தியக் குடிமகனா என்று கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் சிக்கல் இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கான எஃப்சிஆர்ஏ பதிவும், அந்தச் சட்டப்படி டெல்லியில் திறந்த கணக்கும் இல்லாத அமைப்பு அதைத் தொடக் கூடாது. நூறு டாலர்தானே என்று வாங்காதீர்கள். டிக்கெட்டுக்கு உள்ளாட்சியின் கேளிக்கை வரி உண்டா என்பதையும் முன்னாலேயே விசாரித்து வையுங்கள்.

80ஜி இல்லாத சின்னக் குழுக்கள், இல்லை என்று டிக்கெட்டிலேயே அச்சடித்துவிடுங்கள். இருப்பதுபோல் மழுப்புவதுதான் தப்பு. எங்களுக்கு வந்த நன்கொடையில் பெரும்பகுதி சலுகையைப் பற்றியே கேட்காதவர்களிடமிருந்து வந்தது.

நோட்டில் பெயர்

பழவேற்காட்டுப் பக்கம் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் மாதிரி ஊர்களில் ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் நல்ல இடம் சுற்றி வரும், சண்டை குறையும். தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. ஆனால் அதற்குள் வர ஊர்ப் பட்டியலில் தலைக்கட்டாகப் பெயர் இருக்க வேண்டும். பட்டியலில் இருப்பவனுக்குத் தண்ணீரில் உரிமை. இல்லாதவர்கள் விளிம்பில் நின்று கையால் இறால் தடவிப் பிழைக்க வேண்டியதுதான். இந்த முறையைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை. இதனால் இன்றைக்கும் ஏரியில் தகராறு உண்டு. ஒரு நோட்டில் பெயர் இருப்பதும் இல்லாததும் அங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு விருந்து முடிந்த பிறகுதான் உறைத்தது.

முதல் வருஷம் மேடையில் நன்கொடையாளர் பெயரை வாசித்தோம். நேரம் இல்லை, கூத்து தொடங்க வேண்டும் என்று ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களை மட்டும் வாசித்தோம். மறுநாள் பாத்திரம் திருப்பிக் கொடுக்கக் குப்பத்துக்குப் போயிருந்தேன். கையால் இறால் தடவும் ஆயா ஒருத்தர், அறுபத்தைந்து வயசிருக்கும், கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை நிறுத்தினார்.

"இன்னா சார், எம்பேர உட்டுட்டீங்க? நானும் இருநூறு ரூபா குடுத்தனே."

"ஆயிரத்துக்கு மேல குடுத்தவங்களத்தான் படிச்சோம் ஆயா. நோட்டுல உங்க பேரு இருக்கும்" என்றேன்.

"நோட்டுல கீதா? பாத்துச் சொல்லு."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். இல்லை. டிக்கெட் விற்ற பையனிடம் கொடுத்திருக்கிறார். அவன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தான். சட்டை துவைக்கப் போய்விட்டது. பணம் மொத்தத்தில் சேர்ந்திருக்கிறது, பெயர் சேரவில்லை. அந்தப் பக்கத்தில் ஆயாவுக்குப் பாடும் கிடையாது, தலைக்கட்டும் கிடையாது. அவர் பேரப்பிள்ளை படிக்கும் கொட்டகை அது. அவர் பெயர் ஏறியிருக்க வேண்டிய ஒரே நோட்டை நான் வைத்திருந்தேன்.

அதிலிருந்து இரண்டு விதி. துண்டுச் சீட்டு கூடாது. பத்து ரூபாயானாலும் கார்பன் வைத்த ரசீதுப் புத்தகத்தில்தான். எந்தத் தொண்டரும் ரசீதுப் புத்தகம் இல்லாமல் பணத்தைக் கையால் தொடக் கூடாது. இரண்டாவது, பெயர் வாசித்தால் எல்லோரையும் வாசிப்பது. தொகை சொல்லாமல் ஊர் ஊராக. 143 பெயர் வாசிக்கப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. கூத்து பன்னிரண்டு நிமிஷம் தள்ளிப்போனால் யாரும் செத்துவிடவில்லை.

ஆனால் வாசிக்கக் கூடாத பெயர்களும் உண்டு. முதல் வருஷம் எங்கள் பட்டியலை எக்ஸெலில் போட்டு, ஒரு தம்பி நல்லெண்ணத்தில் தொண்டர் வாட்ஸப் குழுவில் பகிர்ந்துவிட்டார். பெயர், செல் நம்பர், தொகை, பான் எல்லாமே அதில் இருந்தது. பத்து நாளில் நன்கொடையாளர் பலருக்கு மனை விற்கிறோம் என்று போன் வர ஆரம்பித்தது. அது தொந்தரவு, அவ்வளவுதான். இன்னொன்றுதான் நெஞ்சில் குத்தியது. காலமான தன் கணவர் நினைவாக ஓர் அம்மா பெரிய தொகை கொடுத்திருந்தார், பிள்ளைகளிடம் சொல்லாமல். பட்டியல் சுற்றிச் சுற்றி மூத்த மகன் போனுக்குப் போய்விட்டது. அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நான் எழுதப் போவதில்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன். "பரவாயில்ல தம்பி" என்று காபி கொடுத்தார். இரண்டாம் வருஷம் அவர் வரவில்லை, நானும் அழைக்கத் துணியவில்லை.

2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு என்றே ஒரு சட்டம் வந்திருக்கிறது. எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, சம்மதம் பெற்று வாங்கிய விவரத்தை அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். சட்டம் இல்லாவிட்டாலும் வங்கிக்காரனுக்கு இது முதல் நாள் பாடம். ஒருவர் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அவர் மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது. மூளையை வங்கியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன் போலிருக்கிறது.

இப்போது பதிவேட்டில் ஒரு பத்தி கூடுதலாக வைத்திருக்கிறோம்: "பெயர் சொல்லலாமா?" ஆம், வேண்டாம், அல்லது 'இன்னார் நினைவாக' என்று மட்டும். வெளியே பெயர் வேண்டாம் என்பவருக்கும் உள்ளே முழு விவரத்தோடு ரசீது உண்டு. சட்டப்படி அவர் பெயர் தெரியாத நன்கொடையாளர் ஆகிவிட மாட்டார். பான் எண் தனித் தாளில், ஆடிட்டர் வேலைக்கு மட்டும். ஆதார் நகல் வாங்குவதே இல்லை. முழுப் பட்டியல் இரண்டு பேரிடம் மட்டும் இருக்கும், ஒருவர் எழுத, ஒருவர் சரிபார்க்க. தொண்டர்களுக்குத் தேவையானது வாசலில் வைக்கும் பெயர்ப் பட்டியல்தான். அதில் தொகையும் இருக்காது, போன் நம்பரும் இருக்காது.

ஒரே ஆள் மூன்று ஆளாக ஏறிவிடுவதையும் கவனியுங்கள். மு. செல்வராஜ், செல்வராஜ் மு., செல்வராஜ் வாத்தியார் என்று மூன்று இடத்தில் எழுதி, மூன்று நன்றிக் கடிதம் போட்டால் வாங்குபவர் என்ன நினைப்பார்? ஊரும் செல் நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஒன்றாக்குங்கள். ஒரே நம்பரில் அப்பாவும் மகளும் தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள், அதைச் சேர்த்துவிடாதீர்கள்.

நன்றி சொல்வதை ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் வரவு, செலவு, மீதி மூன்றும் போட்ட ஒரு பக்கக் கணக்கை எல்லோருக்கும் அனுப்புங்கள். எங்கள் கணக்கைக் குப்பத்திலேயே கூட்டம் போட்டுப் படித்தோம். தகரம் ஒரு ஷீட் என்ன விலை என்று மூன்று பேர் கேட்டார்கள். பில்லைக் காட்டினேன், "இன்னும் கொறச்சலா வாங்கிருக்கலாம் சார்" என்றார்கள். அவர்கள் சொன்ன கடையில்தான் அடுத்து வாங்கினோம்.

ஆயா இரண்டாம் வருஷம் முந்நூறு ரூபாய் கொடுத்தார். ரசீதைக் கையில் வாங்கிப் பேரனிடம் நீட்டி, "படி" என்றார். அவன் படித்த பிறகுதான் பணத்தை விட்டார்.

ஊர்பேர் தெரியாத வரவை வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒதுக்கி வைத்துத் தேடுவோம். விருந்துக் கணக்கிலும் அப்படி மூன்று வரவு தேங்கி நின்றது. இரண்டுக்கு ஆள் கிடைத்துவிட்டார்கள். ஒன்று இன்னும் நிற்கிறது: கூத்து நடந்துகொண்டிருந்த ராத்திரி, 501 ரூபாய், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இரண்டு எழுத்து. ஒரு ரூபாய் சேர்த்து அனுப்பியிருப்பதால் டிக்கெட் பணம் இல்லை, நன்கொடைதான். இதைப் படிப்பவர்களில் யாராவது அனுப்பியிருந்தால் குறிப்பு எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை எங்கள் குழுவுக்குச் சொல்லி அனுப்புங்கள். ரசீது எழுதி வைத்திருக்கிறேன், பெயருக்கு மட்டும் இடம் விட்டு.